முதல் பேஸிலிருந்து மவுண்டுக்கு: வேகோ, ஆகஸ்ட் 2022

டெக்ஸாஸ் மாநிலத்தில் டல்லாஸுக்கும் ஆஸ்டினுக்கும் நடுவே இருக்கிற ஊர் வேகோ. 2022 ஆகஸ்ட் 9 அன்று அங்கே லிட்டில் லீக் பேஸ்பாலின் தென்மேற்கு மண்டல இறுதிப் போட்டி நடந்தது. ஒரு பக்கம் ஹூஸ்டனை ஒட்டிய பியர்லேண்ட் ஊர்ப் பிள்ளைகள். மீனாட்சி கோயில் இருக்கும் பியர்லேண்ட் என்றால் அமெரிக்கத் தமிழர்கள் பலருக்குச் சட்டென்று பிடிபடும். இன்னொரு பக்கம் ஓக்லஹோமா மாநிலத்தின் டல்சா நகரத்துப் பிள்ளைகள். எல்லாருக்கும் ஏறக்குறைய 12 வயது. ஜெயிக்கிற அணி பென்சில்வேனியாவில் உள்ள வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் போய் லிட்டில் லீக் உலகத் தொடரில் ஆடும். தோற்கிற அணி பையைக் கட்டிக்கொண்டு வீடு திரும்பும். அடுத்த வருடம் வயது தாண்டிவிடும் என்பதால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்த வாய்ப்பு ஒரு தரம்தான் வரும். ஆட்டம் தொலைக்காட்சியில் நேரலையாகப் போய்க்கொண்டிருந்தது.

முதல் இன்னிங்ஸ். பியர்லேண்ட் பையன் எறிகிறான். டல்சா பையன் மட்டையோடு நிற்கிறான். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, தப்பான பந்து ஒன்றுகூட இல்லை. இன்னும் ஒரு ஸ்ட்ரைக் விழுந்தால் பேட்டர் அவுட். அடுத்த பந்து கை நழுவியது. பேட்டரின் ஹெல்மெட்டில் வந்து மோதியது. ஹெல்மெட் தெறித்து ஒரு பக்கம் விழுந்தது, பையன் தலையைப் பிடித்துக்கொண்டு மண்ணில் சாய்ந்தான். கோச்சுகள் ஓடி வந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். கூட்டம் கைதட்டியது. பந்து மேலே பட்ட பேட்டருக்கு முதல் பேஸ் (அடித்தவன் ஓடிப் போய்ச் சேர வேண்டிய முதல் நிலை) இலவசம் என்பது விதி. நடந்து போய் அங்கே நின்றுகொண்டான்.

பிட்சர் நின்று எறியும் மண்மேட்டுக்கு மவுண்ட் என்று பெயர். அங்கே பியர்லேண்ட் பையன் அழுதுகொண்டிருந்தான். முதல் பேஸில் நின்ற டல்சா பையன் அதைப் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மவுண்டை நோக்கி நடந்தான். எதிரணி பிட்சரைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். நல்லாத்தான் எறியிற, வா, ஆடலாம் என்கிற மாதிரி சொன்னான். அப்புறம்தான் பியர்லேண்ட் கோச்சும் அந்த அணிப் பிள்ளைகளும் மவுண்டில் கூடினார்கள். ஆட்டம் தொடர்ந்தது. பியர்லேண்ட் 9-4 என்று ஜெயித்து வில்லியம்ஸ்போர்ட்டுக்குப் போனது.

இருவரும் சிறுவர்கள், பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் காட்சி உலகம் முழுக்கப் பரவியது. பார்த்தவர்கள் நெகிழ்ந்து போனார்கள், நானும்தான். ஆனால் நெகிழ்ந்து பகிர்ந்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாத சம்பவம் இது. பேஸ்பாலில் பயமுறுத்தல் எப்படி வேலை செய்கிறது, அது பிள்ளைகளின் ஆட்டத்துக்குள் எப்படி இறங்கி வருகிறது, அதனால் உண்மையில் யாருக்கு அடிபடுகிறது என்ற மூன்றையும் அந்த ஒரு நிமிடத்துக்குள் பார்க்க முடிகிறது.

அரை வினாடிக்கும் குறைவு

முதலில் தூரம். பெரியவர்களின் பேஸ்பாலில் பிட்சருக்கும், பேட்டர் பக்கத்தில் நின்று ஆடும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 60 அடி 6 அங்குலம். லிட்டில் லீக்கில் 46 அடி, அதாவது சுமார் 14 மீட்டர். கிரிக்கெட் பிட்ச் 20 மீட்டர் என்பதை நினைத்துப் பாருங்கள். பேஸ்பாலில் பந்து தரையில் குத்தி வேகம் குறைவதும் கிடையாது, நேராக வரும்.

நன்றாக எறியும் 12 வயதுப் பையன் மணிக்கு 70 மைல் வேகத்தில் எறிவான். சுமார் 113 கிலோமீட்டர். 46 அடியை அந்தப் பந்து கடக்க எடுக்கும் நேரம் 0.45 வினாடி. அமெரிக்காவின் உச்ச தொழில்முறைப் போட்டியான மேஜர் லீக்கின் மைதானத்தில் மணிக்கு 92 மைல், அதாவது 148 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்தும் ஏறக்குறைய அதே 0.45 வினாடிதான் எடுக்கும். சம்பளம் வாங்கும் பெரிய ஆட்டக்காரனுக்குக் கிடைக்கும் நேரமே இந்த ஏழாம் வகுப்புப் பையனுக்கும் கிடைக்கிறது. அந்த நேரத்துக்குள் அடிப்பதா, விடுவதா, விலகுவதா என்று அவன் தீர்மானிக்க வேண்டும்.

உடம்பும் எல்லாருக்கும் ஒன்று போல இருப்பதில்லை. 12 வயதில் ஒருவனுக்கு மீசை அரும்பியிருக்கும், பக்கத்தில் இருப்பவன் இன்னும் குழந்தை முகத்தோடு இருப்பான். ஒரே அணியின் வரிசையிலேயே ஒரு அடி உயர வித்தியாசம் சாதாரணம். 2001-இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி அணிக்காக டேனி அல்மான்டே என்ற இடக்கைப் பிட்சர் உலகத் தொடரில் ஒருவரைக்கூட பேஸ் ஏற விடாமல் முழு ஆட்டத்தையும் எறிந்து முடித்தபோது நாடே வியந்தது. பிறகுதான் அவனுக்கு 14 வயது என்று தெரிந்தது. பிறப்புச் சான்றிதழைத் திருத்தியவர்கள் பெரியவர்கள். அணியின் வெற்றிகள் அழிக்கப்பட்டன. பெரும்பாலும் அவன் மோசடி செய்த கதையாகவே இதைச் சொல்கிறார்கள். 14 வயதுக் கை எறிந்த பந்தை 46 அடியில் நின்று பார்த்த எதிரணிக் குழந்தைகளின் கால்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அந்த நடையின் பழைய அர்த்தம்

பேஸ்பால் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, பந்து பட்ட பேட்டர் ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மவுண்டை நோக்கிப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அடிதடி. மவுண்ட் மீது பாய்வது என்று அதற்குத் தனிப் பெயரே உண்டு. ஆட்டக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் டக்அவுட் இரண்டு பக்கமும் காலியாகும், அத்தனை பேரும் மைதானத்துக்கு நடுவே குவிவார்கள்.

டெக்ஸாஸுக்கு இதில் சொந்தமாக ஒரு வரலாறு இருக்கிறது. 1993 ஆகஸ்ட் 4, ஆர்லிங்டன் மைதானம். வேகோவிலிருந்து வடக்கே காரில் ஒன்றரை மணி நேரம். டெக்ஸாஸ் ரேஞ்சர்ஸ் அணிக்காக எறிந்த நோலன் ரயனுக்கு அப்போது 46 வயது. அவர் எறிந்த பந்து சிகாகோ ஒயிட் சாக்ஸின் ராபின் வென்டுராமீது பட்டது. வென்டுராவுக்கு 26 வயது. மவுண்ட் மீது பாய்ந்தார். ரயன் அவர் தலையைத் தன் கையிடுக்கில் வளைத்துப் பிடித்துக்கொண்டு குத்தினார். வென்டுரா வெளியேற்றப்பட்டார், ரயன் தொடர்ந்து எறிந்தார், ரேஞ்சர்ஸ் ஜெயித்தது. அந்தப் புகைப்படம் டெக்ஸாஸில் இன்றைக்கும் பிரபலம். ரயன் வளர்ந்த ஆல்வின், பியர்லேண்டுக்குப் பக்கத்து ஊர். வேகோவில் அழுத பையன், அந்தப் படத்தைப் பெருமையோடு பார்க்கிற மண்ணில் வளர்ந்தவன்.

இன்னும் கிட்டத்தில் நடந்த ஒன்று. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் அணி 2017-இல் கேமரா வைத்து, எதிரணி கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் பந்து பிடிப்பவர்) தன் பிட்சருக்குக் காட்டும் சைகைகளைத் திருடியது நிரூபணமாகி 2020 ஜனவரியில் தண்டனை வந்தது. மேலாளருக்கும் பொது மேலாளருக்கும் ஒரு வருடத் தடை, கிளப்புக்கு 50 லட்சம் டாலர் அபராதம். ஆட்டக்காரர்கள் ஒருவருக்கும் தண்டனை இல்லை. அந்த ஜூலையில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸின் ஜோ கெல்லி, ஆஸ்ட்ரோஸ் பேட்டர் ஒருவரின் தலைக்குப் பின்புறம் பந்தெறிந்தார், இன்னொருவரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி அழகு காட்டினார். அவருக்குத் தடை விதித்தார்கள். லாஸ் ஏஞ்சலஸ் ரசிகர்களோ அந்த உதட்டுப் பிதுக்கலைச் சுவரோவியமாகவே வரைந்து கொண்டாடினார்கள். வேகோவில் ஆடிய பிள்ளைகளுக்கு அப்போது 10 வயது இருக்கும். தப்பு செய்தவனுக்குத் தலைக்குப் பக்கத்தில் எறிந்து பாடம் புகட்டலாம், புகட்டினால் சுவரில் படம் வரும் என்று ஒரு 10 வயதுப் பையன் புரிந்துகொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது.

வரலாறு முழுக்க இந்தப் பாடம்தான். டாட்ஜர்ஸ் பிட்சர் டான் டிரைஸ்டேல் தன் காலத்தில் 154 பேட்டர்கள் மீது பந்தைப் பட வைத்தார். தன் அணிக்காரன் ஒருவன் மீது எறிந்தால் எதிரணியில் இரண்டு பேர் மீது எறிவேன் என்பது அவருடைய கணக்கு. இன்று அவர் பெயர் பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறது. தாடைக்குப் பக்கத்தில் சீறிக்கொண்டு போகும் பந்தை பேஸ்பாலிலும் கிரிக்கெட்டிலும் ‘சின் மியூசிக்’ என்றே சொல்கிறார்கள். சங்கீதம் என்று பெயர் வைத்தாயிற்று, அப்புறம் எப்படிக் கண்டிப்பது?

இந்தப் பின்னணியில் அந்த டல்சா பையனின் நடையைத் திரும்பப் பாருங்கள். ஹெல்மெட்டைக் கழற்றிப் போட்டான். மவுண்டை நோக்கிப் போனான். சைகைகள் எல்லாம் வென்டுராவுடையவை. அருகே போனதும் அவன் கைகள் செய்த காரியம்தான் வேறு. பேட்டர் மீது பந்து பட்டதுமே ஆட்டப்படி பந்து ‘செத்துவிடும்’. அம்பயர் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கும்வரை பேஸை விட்டு விலகினாலும் அவுட் ஆக மாட்டான். பிள்ளைக்கு அது தெரிந்துதான் இருக்கும். தெரியாமல் இருந்தாலும் போயிருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

பயம் எப்படி வேலை செய்கிறது

பயமுறுத்தலை வெறும் கெட்ட புத்தி என்று ஒதுக்கினால் விஷயம் புரியாது. அது பலன் தருகிறது, அதனால்தான் செய்கிறார்கள்.

பிளேட்டின் அகலம் 17 அங்குலம். உள்பக்கம் (தன் உடம்பை ஒட்டிய பக்கம்), வெளிப்பக்கம் இரண்டையும் பேட்டர் காக்க வேண்டும். வெளிப்பக்கப் பந்தை எட்டி அடிக்க அவன் பிளேட்டை நோக்கிச் சாய வேண்டும். மார்புக்கோ முகத்துக்கோ நெருக்கமாக ஒரு பந்து வந்துவிட்டால், அடுத்த பந்துக்கு அவன் சாய மாட்டான். முன்கால் பந்தின் பக்கம் போகாமல் வெளியே விலகும், இடுப்பு முன்கூட்டியே திறக்கும். அப்போது வெளிப்பக்கம் போடும் சாதாரணப் பந்தே போதும், மட்டை எட்டாது. பெரியவர்கள் இந்த விலகலை மறைக்கப் பழகியிருப்பார்கள். பிள்ளைகளுக்கு மறைக்கத் தெரியாது. ஒரு பந்து நெஞ்சுக்கு அருகே போன பிறகு 11 வயதுப் பையனின் கால்களைக் கவனித்தால் போதும், அடுத்த மூன்று பந்தும் என்ன ஆகும் என்று சொல்லிவிடலாம்.

இது தவிரச் சின்னச் சின்ன வழிகள் நிறைய. வேகமாக எறியும் பிட்சர் வார்ம்-அப்பில் வேண்டுமென்றே ஒரு பந்தைப் பேட்டர் தலைக்கு மேலே வலையில் போய் மோதும்படி எறிவான், வரிசையில் நிற்பவர்கள் பார்க்கட்டும் என்று. பிட்சர் கையைத் தூக்கும் நொடியில் டக்அவுட்டில் இருக்கும் பத்துப் பேரும் ஒரே குரலில் கத்துவார்கள். பந்தை வாங்கிக்கொண்டு நிற்கும் கேட்சரை ஓடி வருபவன் தோளால் இடிப்பான். அடித்துவிட்டு மட்டையைச் சுழற்றி வீசிப் பிட்சரை முறைப்பான். இதையெல்லாம் எந்தப் பிள்ளையும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு வருவதில்லை.

விதிப்புத்தகம் இவற்றில் பலவற்றை எப்போதோ தடுத்துவிட்டது. பேட்டர் மீது வேண்டுமென்றே எறிந்ததாக அம்பயர் நினைத்தால் எச்சரிக்கலாம், வெளியேற்றலாம். எதிரணி ஆளை இழிவாகப் பேசக் கூடாது. பேட்டரின் கண்ணுக்கு நேரே ஃபீல்டர் நின்று கவனம் கலைக்கக் கூடாது. இந்தக் கடைசிப் பிரச்சினைக்கு ஒரு முன்கதை உண்டு. 1950-இல் நியூயார்க் ஜயன்ட்ஸின் எடி ஸ்டாங்கி இரண்டாவது பேஸ் அருகே, பிட்சருக்கு நேர் பின்னால் நின்று கைகளை ஆட்டிப் பேட்டரைக் குழப்பினார். லீக் உடனே தடை போட்டது. லிட்டில் லீக் இன்னும் ஒருபடி மேலே போய், இரண்டாவது பேஸில் நிற்பவன் கேட்சரின் சைகையைப் பார்த்து பேட்டருக்குக் கடத்துவதையும் தடுத்திருக்கிறது. மேஜர் லீக்கில் வெறும் கண்ணால் பார்த்து அதைச் செய்தால் கெட்டிக்காரத்தனம் என்பார்கள்.

ஆனால் அம்பயரால் நோக்கத்தைப் பார்க்க முடியாது, பந்தைத்தான் பார்க்க முடியும். 12 வயதுக் கையிலிருந்து நழுவும் பந்துகளே அதிகம். அதனால் ‘வேண்டுமென்றே எறிந்தான்’ என்று ஒரு குழந்தையை வெளியேற்ற எந்த அம்பயருக்கும் மனம் வருவதில்லை. உள்பக்கம் நெருக்கி எறியச் சொல்லும் கோச் அந்தத் தயக்கத்தின் நிழலில்தான் நிற்கிறார். அவர் சொல்வதில் பாதி நியாயம்கூட உண்டு. உள்பக்கம் எறியவே பயப்படும் பிட்சர் பிளேட்டின் பாதியைப் பேட்டருக்குத் தானம் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். உள்பக்கம் எறியக் கற்றுக்கொடுப்பது ஆட்டம். “அவனைக் கொஞ்சம் பயமுறுத்து” என்று சொல்வது வேறு. கேட்கிற பிள்ளைக்கு இரண்டும் ஒரே வாக்கியமாகக் காதில் விழக்கூடும் என்பதைப் பல கோச்சுகள் யோசிப்பதில்லை.

இதற்கு மறுபுறமும் உண்டு. பந்து பட்டால் பேஸ் இலவசம் என்பதால் “விலகாதே, வாங்கிக்கொள்” என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். ஹூஸ்டன் ரசிகர்களின் செல்லப்பிள்ளை கிரெய்க் பிஜியோ 285 தடவை பந்தை உடம்பில் வாங்கியவர். அவரைவிட அதிகம் வாங்கியவர் 19-ஆம் நூற்றாண்டில் ஆடத் தொடங்கிய ஹியூயி ஜென்னிங்ஸ் மட்டுமே, 287. பிஜியோ முழங்கைக்குப் பெரிய காப்பு அணிந்த வளர்ந்த மனிதர். குழந்தைக்கு அதைக் கற்றுக்கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. விலக முயற்சி செய்யாத பேட்டருக்கு பேஸ் கிடையாது என்று விதியும் சொல்கிறது.

எறிந்தவனுக்கு என்ன ஆகிறது

பேட்டர் கீழே விழுந்ததும் வேகோ மைதானத்தில் எல்லோருடைய கண்ணும் விழுந்தவன் மீதே இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை, தலையில் அடி. ஆனால் மவுண்டில் நின்றவனும் ஒரு குழந்தை. தன் கையிலிருந்து போன பொருள் இன்னொரு குழந்தையைச் சாய்த்ததை 46 அடி தூரத்தில் நின்று பார்த்தவன் அவன். நெருங்கிப் போகவும் முடியாது. திரும்பி ஓடவும் முடியாது. மைதானத்திலேயே மேடாக இருக்கிற ஒரே இடத்தில் தனியாக நிற்க வேண்டும்.

1920 ஆகஸ்ட் 16 அன்று நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸில் கார்ல் மேஸ் எறிந்த பந்து கிளீவ்லாண்டின் ரே சாப்மன் தலையில் பட்டது. மறுநாள் விடிகாலையில் சாப்மன் இறந்துபோனார். மேஜர் லீக் வரலாற்றில் பந்து பட்டு இறந்தவர் அவர் ஒருவர்தான். விபத்து என்று முடிவானது. மேஸுக்கு எதிராக ஆட மாட்டோம் என்று சில அணி வீரர்கள் கிளம்பினார்கள். அதற்கு அப்புறமும் மேஸ் பல வருடம் ஆடினார், மொத்தம் 200-க்கும் மேற்பட்ட ஆட்டங்களை ஜெயித்தார். இன்று அவர் பெயரைச் சொன்னால் அந்த ஒரு பந்துதான் ஞாபகத்துக்கு வருகிறது.

நமக்கு நெருக்கமான உதாரணம் 2014 நவம்பர் 25, சிட்னி. ஷான் அபாட் போட்ட பவுன்சர் பிலிப் ஹியூஸின் கழுத்தில் பட்டது. இரண்டு நாளில் ஹியூஸ் இறந்துபோனார். அந்தத் துக்கத்துக்கு நடுவிலும் கிரிக்கெட் உலகம் ஒரு காரியத்தைச் சரியாகச் செய்தது. அபாட் எப்படி இருக்கிறான் என்று கேட்டது. 22 வயதுப் பையன் அவன் என்பதை மறக்கவில்லை. அதற்கும் முன்னால், 1962-இல் பார்படாஸில் சார்லி கிரிஃபித்தின் பந்தில் நம் கேப்டன் நாரி கான்ட்ராக்டரின் மண்டை உடைந்தபோது, வெஸ்ட் இண்டீஸ் கேப்டன் ஃபிராங்க் வோரல் ரத்தம் கொடுத்தார்.

வேகோவில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் அடிபட்டவனே. அதுவும் பெரியவர்கள் யாரும் மவுண்ட் பக்கம் போவதற்கு முன்பே. இந்த வரிசைதான் என்னை உறுத்துகிறது. அழுகிற பிட்சரை முதலில் பார்த்திருக்க வேண்டியவர்கள் அவனுடைய சொந்த அணிக் கோச்சுகள். அவர்களைக் குற்றம் சொல்ல நான் இதை எழுதவில்லை. பேட்டரைக் கவனி, பிட்சர் தானாகத் தேறிக்கொள்வான் என்பதுதான் எல்லா மைதானத்திலும் இருக்கும் பழக்கம்.

போட்டிக் கணக்கில் பார்த்தால் டல்சா பையன் செய்தது நஷ்டக் காரியம். அழுகிற பிட்சர் அடுத்த பேட்டருக்கு உள்பக்கம் எறிய மாட்டான். வேகத்தைக் குறைப்பான், நடுவில் போடுவான், அடி வாங்குவான். உலகத் தொடருக்குப் போகும் வாசலில், முதல் இன்னிங்ஸிலேயே, எதிரணி பிட்சர் உடைந்து நிற்கிறான். கணக்குப் போடுகிற கோச்சாக இருந்தால் “நீ பேசாமல் பேஸில் நில்” என்று சொல்லியிருப்பார். பையன் அந்தக் கணக்கைப் போடவில்லை, டல்சா அணி தோற்றது. கட்டிப்பிடித்ததால்தான் தோற்றது என்று சொல்ல வழியில்லை. அந்த விலையைக் கொடுக்க அவன் தயாராக இருந்தான் என்று மட்டும் சொல்லலாம்.

வேலிக்கு வெளியே

பயமுறுத்தல் பற்றிப் பேசிவிட்டுப் பெற்றோரை விட்டுவிட முடியாது. பிள்ளைகளின் ஆட்டத்தில் மிகச் சத்தமான பயமுறுத்தல் மைதானத்துக்குள் நடப்பதே இல்லை; கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர்களிடமிருந்துதான் வருகிறது.

2019 ஜூன் மாதம் கொலராடோ மாநிலத்தின் லேக்வுட் நகரில் 7 வயதுக் குழந்தைகள் ஆடிய ஆட்டம். அம்பயருக்கு 13 வயது. அவன் கொடுத்த தீர்ப்பு பிடிக்காமல் பெரியவர்கள் மைதானத்துக்குள் இறங்கி ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். வீடியோவில் குழந்தைகள் சிதறி ஓடுவது தெரிகிறது. அந்த 13 வயதுப் பையன் அடுத்த சனிக்கிழமை எந்த மனநிலையில் ஸ்ட்ரைக் சொல்லியிருப்பான்?

நியூ ஜெர்சியின் டெப்ட்ஃபோர்ட் டவுன்ஷிப் லிட்டில் லீக் 2023-இல் இதற்கு ஒரு நல்ல வழி கண்டுபிடித்தது. பார்வையாளர்களின் வசை தாங்காமல் தன்னார்வ அம்பயர்கள் விலகிப் போனார்கள். அதனால் லீக் புதிய விதி போட்டது: அம்பயரை ஏசுகிறவர் மைதானத்துக்குள் திரும்ப வர வேண்டுமானால், தானே மூன்று ஆட்டங்களுக்கு அம்பயராக நின்றுவிட்டு வர வேண்டும். இல்லையென்றால் ஒரு வருடம் தடை. எனக்கு மிகவும் பிடித்த தண்டனை இது. பிளேட்டுக்குப் பின்னால் குனிந்து நின்று, 12 வயதுப் பையன் எறியும் பந்து பிளேட்டின் ஓரத்தைத் தொட்டதா இல்லையா என்று அரை வினாடிக்குள் சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

கைதட்டலுக்கு நடுவே விட்டுப்போனவை

அந்தக் காட்சியைக் கொண்டாடும்போது ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறோம். தலையில் பந்து வாங்கிய குழந்தை சில நிமிடங்களில் முதல் பேஸில் நின்றான். இரண்டு காதையும் மூடும் ஹெல்மெட்டைக் கொண்டு வந்ததே லிட்டில் லீக்தான். அந்த அமைப்பின் உடலியல் ஆய்வாளர் கிரெய்டன் ஹேல் 1950-களின் கடைசியில் உருவாக்கினார். மேஜர் லீக்கில் ஹெல்மெட் கட்டாயமானது 1971-இல்தான். பிள்ளைகளின் ஆட்டம் பெரியவர்களுக்கு முன்னால் போன நல்ல இடம் இது. ஆனால் ஹெல்மெட் மண்டை ஓட்டை உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் சில சமயம் மணிக்கணக்கு கழித்துத்தான் தெரியும். அந்தப் பையன் நன்றாக இருந்தான், சந்தோஷம். அடுத்த மைதானத்தில் அடுத்த குழந்தை எழுந்து நின்று சிரித்தாலும், தலையில் பட்டிருந்தால் அன்றைய ஆட்டம் அவனுக்கு முடிந்தது என்று வைத்துக்கொள்வதே சரி என்பது என் கருத்து. பெரிய மனது பண்ணியதற்குப் பரிசாக ஆட விடக் கூடாது.

இன்னொன்று. “தலைக்கு எறியாதே, உடம்புக்கு எறி” என்று சொல்பவர்கள் தங்களைப் பொறுப்பானவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். பிள்ளைகளின் மார்புக்கூடு மெலிது. இதயத் துடிப்பின் குறிப்பிட்ட ஒரு நொடியில் நெஞ்சில் பந்து பட்டால், எலும்பு உடையாமலே இதயம் தாளம் தப்பி நின்றுவிடக்கூடும். கமோஷியோ கார்டிஸ் என்று அதற்குப் பெயர். அரிதானது, ஆனால் அமெரிக்காவில் அதிகம் பதிவாகும் இடங்களில் பிள்ளைகளின் பேஸ்பால் முன்னணியில் நிற்கிறது. அசுர வேகம்கூட வேண்டியதில்லை, 12 வயதுக் கை எறியும் வேகமே போதும். மைதானத்தில் மின்னதிர்ச்சி கொடுத்து இதயத் துடிப்பைச் சீராக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவி இருப்பதும் அதை இயக்கத் தெரிந்த ஆள் இருப்பதும் கோப்பையைவிட முக்கியம்.

கோச்சுகளுக்கு இந்தச் சம்பவத்திலிருந்து எடுத்துக்கொள்ள எளிதான ஒரு பழக்கம் இருக்கிறது. பந்து பட்டவுடன் இரண்டு பேர் எழ வேண்டும். ஒருவர் பிளேட்டுக்கு, இன்னொருவர் மவுண்டுக்கு. மவுண்டுக்குப் போகிறவர் நீளமாக எதுவும் பேச வேண்டியதில்லை. பக்கத்தில் நின்று, விழுந்தவன் எழுகிறவரை பிட்சரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் போதும். எழுந்ததும் பிட்சரை அழைத்துப் போய் அவன் கையைத் தொடச் சொல்லலாம். அடுத்த பேட்டருக்கும் உள்பக்கம் எறியலாம், கேட்சர் கையுறையை மட்டும் பார் என்று அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

வேகோ வீடியோவில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது கட்டிப்பிடிக்கும் இடத்தை அல்ல, அதற்கு முந்தைய இரண்டு மூன்று வினாடிகளை. முதல் பேஸில் நிற்கிற பையன் மவுண்டைப் பார்க்கிறான். முதல் அடியை எடுத்து வைக்கிறான். போவது எதற்கென்று அந்த நொடியில் அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. பியர்லேண்ட் பையன் முகத்தை மூடி நிற்கிறான், வருகிறவனை அவன் இன்னும் பார்க்கவில்லை.